உப்பு மரத்துக்கு உரம் தேவையா?

எரித்ரியாவில் பட்டினி, மும்பையில் அஜீரணம்

மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே மித்தி ஆற்றை மின்ரயில் கடக்கும்போது பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். அந்தச் சாக்கடை நீரில்தான் செழிப்பாக நிற்கிறது அலையாத்திக் காடு. பெரும்பாலும் வெண்கண்டல், மராத்தியில் 'திவர்'.

கடல்நீரில் மற்ற செடிகள் கருகிவிடும். வெண்கண்டலின் வேர்கள் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே வடிகட்டிவிடுகின்றன. மீறி நுழைவதை இலைகள் வெளியேற்றுகின்றன. இலையை நக்கினால் கரிக்கும். ஆனால் இந்தத் தற்காப்புக்குச் செலவு அதிகம். உப்பைச் சமாளிக்க செல்களுக்குள் மரம் சேர்த்துவைக்கும் கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளுக்கே நைட்ரஜன் வேண்டும்.

இந்த ரகசியத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்க விஞ்ஞானி கோர்டன் சாட்டோ. எரித்ரியாவின் செங்கடல் கரையில், மழை வெள்ளம் கடலில் கலக்கும் இடங்களில் மட்டுமே அலையாத்தி வளர்ந்தது. காரணம் நன்னீர் அல்ல, வெள்ளம் கொண்டுவரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு என்று அவர் கணித்தார். யூரியாவும் டி.ஏ.பி.யும் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் சிறு துளைகள் போட்டு நாற்றுகளின் அருகே புதைத்தார், இரும்பும் வைத்தார். ஹிர்கிகோ கிராமத்தின் வெற்றுக் கரை பச்சையானது. ஆடுகளுக்குத் தழை கிடைத்தது. 2002இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அப்படியானால் எங்கும் உரம் போடலாமா? முடியாது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் ஒரே தீவில், கரையோர மரங்களுக்கு நைட்ரஜனும் உட்புறக் குட்டை மரங்களுக்கு பாஸ்பரசும் பற்றாக்குறை என்று ஆய்வில் தெரிந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி காதரின் லவ்லாக் குழுவினர் 2009இல் இன்னொரு எச்சரிக்கை விடுத்தனர்: நைட்ரஜன் போட்ட மரங்களில் தண்டும் இலையும் பெருக்கின்றன; வேர் அதற்கு ஈடாக வளர்வதில்லை. உப்பும் வறட்சியும் கூடும்போது அவையே அதிகம் மடிகின்றன.

தமிழகத்தின் பிச்சாவரத்தில் நோய் வேறு. மரங்களை மொட்டையாக வெட்டிய இடத்தில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் கையாண்ட மருந்து, மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்கள். அலைநீர் வந்து போனதும் காடு திரும்பியது.

மும்பைக்கும் அதுதான் பாடம். தாராவியை ஒட்டி, குப்பைமேட்டின் மீது உருவாகி 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவின் ஓரத்தில் மித்தி ஓடுகிறது. நகரத்தின் கழிவோடு நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் தாராளமாக வருகின்றன. காட்டை மிரட்டுவது மண் கொட்டலும் கட்டடங்களும்தான். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் மித்திக் கரை மூழ்கியபோது, ஆற்றையும் சதுப்பையும் நெருக்கியதன் விலை தெரிந்தது. அதே ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றம் அலையாத்தியை அழிக்கவும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பவும் தடை விதித்தது. 2018இல் அதை மீண்டும் உறுதிசெய்தது.

மித்தியின் முகத்துவாரத்திலும் செம்பூரை அடுத்த மாஹுல் கரையிலும் அலை வந்து போக வழி விட்டால் போதும். உரத்தை நகரமே அனுப்பிக்கொண்டிருக்கிறது.