படத்தை மறைக்காத எழுத்து

ஓவியக் கண்காட்சிக்குச் செய்யும் விளம்பர வடிவமைப்பு, சோப்புக்கும் சேலைக்கும் செய்வதைப் போன்றதல்ல. சோப்பை எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்கிக் காட்டலாம். இங்கே வடிவமைப்பாளரின் கையில் இருப்பது வேறொருவர் வரைந்து முடித்த படம். அதன்மேல் எழுத்தை ஏற்றினாலும், ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டினாலும் ஓவியர் கேட்பார், கேட்பது நியாயமும்கூட.

தென் கொல்கத்தாவின் டாக்குரியா வட்டாரத்தில் இந்த வேலையை அருகிலிருந்து பார்க்கலாம். டாக்குரியா ஏரி என்று வழங்கிவந்து, இப்போது இரவீந்திர சரோவர் எனப்படும் நீர்நிலையின் வடபுறம் சதர்ன் அவென்யூ ஓடுகிறது. பிர்லா கலை பண்பாட்டு அகாதெமி அங்கேதான் இருக்கிறது. கரியாஹாட் பக்கம் திரும்பினால் இந்துஸ்தான் சாலையில், 2009-இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டர் காலரி.

ஏரிக்குப் பக்கத்து லேக் டெம்பிள் சாலையில் சத்யஜித் ராய் சில காலம் குடியிருந்தார். சினிமாவுக்கு வருமுன் 1943-இல் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தார். ரே ரோமன், ரே பிஸார் என ஆங்கில எழுத்துருக்களும் உருவாக்கினார். எழுத்தையே ஓவியமாக்கும் பழக்கம் வங்காளத்தில் இன்றும் வலுவாக இருப்பதில் அவர் பங்கு பெரிது.

வங்க எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான எழுத்துகளின் தலைமேல் ‘மாத்ரா’ என்ற கோடு ஓடி, சொல்லைக் கொடியில் காயும் துணிபோலத் தொங்கவிடும். ஆங்கிலத்தில் செய்வதுபோல் எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் கோடு துண்டுதுண்டாகிவிடும். தமிழில் அந்தக் கோடு இல்லை. அந்தத் தொல்லையும் இல்லை.

அழைப்பிதழைக் கையில் எடுத்தால், ஓவியர் பெயர், கண்காட்சித் தலைப்பு, திறப்பு நாள், முடியும் நாள், பார்வை நேரம், வார விடுமுறை, முகவரி ஆகியவை இருக்க வேண்டும். விடுமுறை நாளை அச்சிட மறந்தால், பஸ் ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். அச்சிட்ட படத்தின்கீழ்ப் பொடி எழுத்தில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. முழுப்படம் இல்லையென்றால் ‘ஒரு பகுதி’ என்று குறிப்பது மரபு. திரையில் தகதகக்கும் நீலம் அச்சில் மங்கும். ஆகவே மூல ஓவியத்தின் பக்கத்தில் வைத்து மாதிரி அச்சைச் சரிபார்ப்பது நல்லது.

வெற்றிடம் விடுவதுதான் மிகக் கடினம். வியன்னாவில் 1898-இல் நடந்த, செசெஷன் என்ற கலைஞர் குழுவின் முதல் கண்காட்சிக்கு குஸ்தாவ் கிளிம்ட் வரைந்த சுவரொட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் வெறும் தாள். மேலே காளைத்தலை அரக்கனோடு பொருதும் கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் அம்மண உருவம். தணிக்கை குறுக்கிட்டதால், மரத்தண்டுகளை இடையே நிறுத்தி மறைக்க வேண்டியதாயிற்று.

துர்கா பூஜை நெருங்கும்போது டாக்குரியா தெருக்கள் இந்த வெற்றிடத்துக்கு நேரெதிர். பாபுபாகான் போன்ற பந்தல்குழுக்கள் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்கின்றன. மூங்கில் சட்டங்களில் பிளெக்ஸ் பேனர்கள் வரிசைகட்டும். சிலவற்றில் விஷயத்தைச் சொல்லாமல் ஒரு புதிர்ச்சொல் மட்டும் இருக்கும். சிறந்த பூஜைகளுக்கான ஏசியன் பெயின்ட்ஸ் ஷரத் சம்மான் 1985-இல் தொடங்கியபின் பந்தல்களுக்கிடையே போட்டி சூடுபிடித்தது. தற்காலக் கலைக்கு இவ்வளவு உரத்த விளம்பரம் வேறெங்கும் கிடைப்பது அரிது. காலரிகள் இந்தச் சத்தத்தோடு மோதுவதில்லை. மோதினாலும் தோற்றுத்தான் போகும்.

கைபேசித் திரைக்கு அழைப்பிதழின் வடிவமைப்பை அப்படியே சுருக்கினால் போதாது. கட்டைவிரல் அளவில் வாசிக்க முடிவது இரண்டே வரிதான்: யார், எதுவரை. மீதி எல்லாம் படத்தின் பாடு.

கடைசி வேலை காலரிச் சுவரில். அறிமுக உரையை வினைல் எழுத்துகளாக வெட்டி, நீர்மட்டம் வைத்து, கண்ணுயரத்தில் ஒட்டுவார்கள். ஓர் எழுத்து சாய்ந்தாலும் திறப்புவிழாவுக்கு முன் வரி முழுவதையும் உரித்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.