குக்கீ: கேட்பது தளம், தீர்மானிப்பது உலாவி

இணையதளம் ஒன்றைத் திறந்ததும் கீழிருந்து ஒரு பட்டை எழும்பி, படிக்க வந்த செய்தியில் பாதியை மறைக்கிறது. குக்கீகளைப் பயன்படுத்துகிறோம், சம்மதமா என்று கேட்கிறது. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். மறுப்பதற்கான வழி மங்கலான எழுத்தில், இரண்டு பக்கம் தள்ளி ஒளிந்திருக்கும். பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டு வந்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இதை வாசகரின் அலட்சியம் என்று குறைசொல்வதில் நியாயமில்லை. ஒரே நாளில் பத்திருபது தளங்களுக்குப் போய்வருகிறவர் ஒவ்வொன்றின் நிபந்தனைகளையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. குக்கீக்குக் கடிவாளம் போட வேண்டிய இடம் உலாவியின் அமைப்புகள் பக்கம். அதைத் தளத்தின் பட்டையில் தேடுவது வீண் என்பதற்குக் குக்கீயின் முப்பதாண்டு வரலாறே சாட்சி.

1994-இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்ற இளம் பொறியாளருக்கு ஒரு சிக்கல் வந்தது. இணையத்தின் அடிப்படை விதிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அனுப்பிவைக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, கேட்பவர் சற்றுமுன் வந்தவரா புதியவரா என்பது அதற்குத் தெரியாது. இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போவதற்குள் காணாமல் போகும். மான்டுல்லி கண்ட வழி எளிது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்களே, அதுபோலத் தளம் ஓர் எண்ணை உலாவியிடம் கொடுத்துவைக்கும். உலாவி அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் அதைக் காட்டும். எண்ணுக்குரிய விவரங்கள் பெரும்பாலும் தளத்தின் கணினியிலேயே இருக்கும். குக்கீ என்பது இவ்வளவுதான்: அதிகபட்சம் நான்கு கிலோபைட் அளவுள்ள எழுத்து. அது வைரஸ் அல்ல, தானாக எதையும் இயக்காது, போனில் இருக்கும் படங்களைப் பார்க்காது. ஒரு தளம் வைத்ததை இன்னொரு தளம் படிக்கவும் முடியாது. ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர அது வழிவிடும் என்பதாலேயே மான்டுல்லி அதை ஒதுக்கினார்.

ஒதுக்கியது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. நாம் ஒரே பக்கம் என்று நினைப்பது உண்மையில் பல சர்வர்களிலிருந்து வரும் துண்டுகளின் தொகுப்பு. செய்தி ஓரிடத்திலிருந்து வரும். ஓரத்தில் தெரியும் விளம்பரம் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். விளம்பரம் வரும்போது அந்தச் சர்வரும் தன் பங்குக்கு ஒரு குக்கீ வைக்கலாம். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஒரு செய்தித்தளத்திலும், சர்க்கரை நோய் பற்றிய பக்கத்திலும், வேலைவாய்ப்புத் தளத்திலும் இருந்தால், மூன்றிடத்திலும் அதே எண் அதனிடம் போய்ச் சேர்கிறது. பெயர் தெரியாவிட்டாலும், இந்த எண்ணுக்குரியவர் எதைப் படிக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை வாங்கப்போகிறார் என்ற சித்திரம் உருவாகிவிடுகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. 1990-களின் நடுவில் தொடங்கிய டபுள்கிளிக் நிறுவனம் இதையே தொழிலாக்கி வளர்ந்தது. 2008-இல் அது கூகுளின் கைக்குப் போனபோது விலை 310 கோடி டாலர்.

இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே கண்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1997 பிப்ரவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் குழு குக்கீக்கான முதல் ஆவணத்தை வெளியிட்டது; அதை எழுதிய இருவரில் மான்டுல்லியும் ஒருவர். பயனர் தானாகப் போகாத சர்வர்களின் குக்கீயை உலாவி ஏற்கக் கூடாது, ஏற்கும் வசதி வைத்தாலும் முதலில் அது அணைந்தே இருக்க வேண்டும் என்றது அந்த ஆவணம். அன்றைய இரு பெரிய உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைப் பின்பற்றவில்லை. ஒரு சுவிட்சைத் திறந்தே வைப்பது என்ற அந்த ஒற்றை முடிவின் மேல்தான் பின்தொடரும் விளம்பரத் தொழில் எழுந்து நின்றது. ஆப்பிளின் சஃபாரி 2020-இல் மூன்றாம் தரப்புக் குக்கீகள் அனைத்தையும் அடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பிரித்தது. விளம்பரமே வருவாயின் பெரும்பகுதியாக உள்ள கூகுள், குரோமில் இவற்றை இரண்டே ஆண்டில் ஒழிப்பதாக 2020-இல் அறிவித்து, திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024-இல் கைவிட்டது. அதன் திட்டம் கூகுளின் ஆதிக்கத்தையே கூட்டும் என்று போட்டி நிறுவனங்களும் பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையமும் எழுப்பிய அச்சமும் இதில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஆண்ட்ராய்டு போனில் குரோமை அப்படியே பயன்படுத்தும் ஒருவருக்கு 1997-இன் அந்தத் திறந்த சுவிட்ச் இன்றும் திறந்தே இருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஐரோப்பா முயன்றது, நம் திரையில் முளைக்கும் பட்டைகள் அந்த முயற்சியின் விளைவுதான். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இல்லை என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. இருந்தும், பிரிட்டனின் முன்னணித் தளங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றிய பட்டைகள் 11.8 சதவீதம் மட்டுமே என்றது. முதல் திரையிலிருந்து மறுப்புப் பொத்தானை எடுத்துவிட்டால் சம்மதம் இருபதுக்கும் மேற்பட்ட சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்றும் அது கண்டது. பதிலால் லாபம் அடைபவரிடமே கேள்வியைத் தயாரிக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? கலிஃபோர்னியா இதைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. ‘என் தகவலை விற்காதே’ என்று உலாவி தானாக அனுப்பும் குறிப்பைத் தளங்கள் மதித்தாக வேண்டும் என்றது. மதிக்காத செஃபோரா என்ற அழகுப்பொருள் நிறுவனம் 2022-இல் 12 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் தெளிவாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. பட்டைகளைப் பெருக்காமல் உலாவியின் குறிப்பை அது ஏற்றுக்கொண்டால் நல்லது.

எல்லாரும் அடைத்துவிட்டால் இலவசச் செய்திக்கு யார் பணம் தருவது என்பது வலுவான எதிர்க்கேள்வி. விளம்பரமும் பின்தொடர்தலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதால் எழும் கேள்வி இது. சமையல் பக்கத்தில் குக்கர் விளம்பரம் போட எந்த வாசகரையும் வேவு பார்க்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2020-இல் பின்தொடரும் விளம்பரத்தை விட்டுவிட்டு, பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரத்துக்கு மாறியது. முந்தைய ஆண்டைவிட அதன் விளம்பர வருவாய் கூடியது. அரசுப் பின்புலமும் பெரும் வாசகர் கூட்டமும் உள்ள அதன் அனுபவம் ஒரு சிறு தளத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பின்தொடராவிட்டால் பத்திரிகை செத்துவிடும் என்ற பேச்சை மட்டும் அது பொய்யாக்குகிறது. குக்கீயை அடைத்தால் திரையளவு, எழுத்துரு போன்ற அடையாளங்களைச் சேர்த்து ஆளைக் கண்டுபிடிப்பார்களே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010-இல் சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. ஆனால் அது குக்கீயைப் போல உறுதியானதல்ல, உலாவியைப் புதுப்பித்தாலே மாறக்கூடியது. பின் வாசலில் தாழ்ப்பாள் சரியில்லை என்பதற்காக முன் வாசலை யாரும் திறந்துபோடுவதில்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லாக் குக்கீகளையும் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் எந்தத் தளத்திலும் உள்நுழைய முடியாது, கூடையில் பொருள் நிற்காது. ஆண்ட்ராய்டு குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள் என்று போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வைப் போட்டால் போதும். ஏதாவது ஒரு தளம் முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். ஐபோன் சஃபாரியில் தளம் விட்டுத் தளம் பின்தொடர்வதைத் தடுக்கும் சுவிட்ச் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். யாரும் அணைத்துவிடவில்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். அவ்வப்போது குக்கீகளை மொத்தமாக அழிப்பதும் பயன்தரும், மறுபடி எல்லாத் தளங்களிலும் கடவுச்சொல் போட வேண்டிவரும் என்பதுதான் அதன் விலை. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உள்நுழைந்தவர் என்பதற்கான அடையாளமே அந்தத் தளம் வைத்த குக்கீதான். ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போனால் அது அங்கேயே கிடக்கக்கூடும். அடுத்து உட்காருபவருக்கு உங்கள் கடவுச்சொல் தேவைப்படாது. வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டே எழ வேண்டும். உலாவியையே தொடாமல் செயலிகளில் நாளைக் கழிப்பவர்களுக்கு இவை எதுவும் போதாது. அங்கே குக்கீயின் வேலையைச் செய்வது போனுக்கென்று உள்ள விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டு 12-க்குப் பிந்தைய பெரும்பாலான போன்களில் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில், விளம்பரங்கள் என்ற தலைப்பின் கீழ் அதை நீக்கிவிட முடியும். நீக்கிய பிறகும் விளம்பரம் வரும், ஆனால் அந்த எண்ணைக் கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்ஜியங்களே கிடைக்கும்.