கேம் சூப்பர்... சாட் ஏன் இப்படி? கேமிங் தளங்கள் மாற்ற வேண்டிய 5 விஷயங்கள்

புதுச்சேரி மூலக்குளத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு மாடியிலிருந்து "மச்சி, ரிவைவ் பண்ணுடா" என்று ஒரு குரல் கேட்கலாம். வேலை முடிந்து வந்து நண்பர்களோடு ஒரு மேட்ச் ஆடுவது இன்று சாதாரணம். மைக்கை ஆன் செய்ததும் முகம் தெரியாத ஒருவர் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுவதும் சாதாரணமாகிவிட்டது. பெண் குரல் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். "நெட்டுன்னா அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தளத்தை நடத்துபவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

1. சாட்டை முதலில் ஆஃப் செய்யுங்கள்

'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' கேமை நடத்தும் ரயட் கேம்ஸ் ஒரு சோதனை செய்தது. எதிரணியோடு பேசும் சாட்டை ஆஃப் செய்து, வேண்டுமானால் நீங்களே ஆன் செய்துகொள்ளலாம் என்றது. சாட்டைப் பயன்படுத்துவது குறையவில்லை. மோசமான பேச்சு மட்டும் 30 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. இன்னொரு உண்மையும் தெரிந்தது. திட்டுகளில் பெரும்பகுதி நிரந்தர வம்புக்காரர்களிடமிருந்து வரவில்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்தே வந்தது. ஆபீஸ் கோபத்தை இங்கே கொட்டுகிறோம், அவ்வளவுதான். ஒரு சின்னத் தடை இருந்தாலே பலர் நிதானத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

2. தடை போட்டால் காரணம் சொல்லுங்கள்

"உங்கள் கணக்கு முடக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி யாரையும் திருத்தாது. எந்த மேட்ச், எந்த வார்த்தை, எத்தனை நாள் தடை என்று காட்ட வேண்டும். புகார் கொடுத்தவருக்கும் பதில் போக வேண்டும். மத்திய அரசின் 2021 ஐ.டி. விதிகளின்படி, பயனர்கள் பதிவிடும் தளங்களுக்குக் குறைதீர்ப்பு அதிகாரி கட்டாயம். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதிப்படுத்த வேண்டும்.

3. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்

நம்ம ஊர் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடித்தால், ஆங்கிலத்துக்காகச் செய்த ஃபில்டர் கோட்டை விட்டுவிடும். சாதியைச் சொல்லித் திட்டுவதும் அதற்குப் புரியாது. தமிழ் பேசும் மாடரேட்டர்கள் இருந்தால்தான் இது நிற்கும். அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

4. வயதை நிஜமாகவே கேளுங்கள்

2023 மே மாதம் இந்தியாவுக்குத் திரும்பிய பி.ஜி.எம்.ஐ., 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அப்பா போனில், அப்பா நம்பரில் லாகின் செய்யும் பையனை எந்த வரம்பு பிடிக்கும்? அதனால் சிறுவர் கணக்கு எளிதாகத் தொடங்கும்படியும், அதில் அந்நியர் மெசேஜ் தானாகவே மூடியிருக்கும்படியும் இருக்க வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

5. பெட்டிங் லிங்க்கை விடாதீர்கள்

2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. பணம் கட்டி ஆடும் கேம்களுக்குத் தடை விதிக்கிறது. அவற்றை விளம்பரப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஆனால் இது மத்தியச் சட்டம். "சும்மா ஷேர் பண்ணேன் ப்ரோ" என்ற பதில் க்ரூப் அட்மினைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பதிலுக்குத் திட்டாதீர்கள். மியூட் செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள். மிரட்டல் வந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். உங்கள் டீமில் ஒருத்தர் எல்லை மீறினால், "டேய், போதும்டா" என்று முதலில் சொல்லும் ஆள் நீங்களாக இருங்கள். நண்பன் சொன்னால் கேட்பான்.