'சாக்ஸ்' போட்டும் ரகசியம் வெளியே! ஓரெழுத்து செய்யும் வினை

திருப்பூர்—

கல்யாணப் பணம் தருவதாக ஆசை காட்டி, பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' போன்ற மில் ரகசியங்களைப் பெயர் சொல்லாமல் பத்திரிகைக்கு அனுப்ப வழி உண்டு. லண்டன் 'கார்டியன்' 2014-ல் இதற்கென்றே ரகசியப் பெட்டி வைத்தது. 'டார்' வழியாகத்தான் போகணும். விலாசம் '.ஆனியன்' என்று முடியும்.

பெட்டி திறக்கலையா? பழைய 16 எழுத்து விலாசம் 2021-லேயே செத்துப்போச்சு. இப்போ 56 எழுத்து. கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பாக ஓடினாலும் கிடைக்காது.

டார் பிரவுசரில் போனால் வேறு வம்பு இல்லை. மற்ற புரோகிராமில் 'சாக்ஸ்5' (பனியன் கடை சாக்ஸ் அல்ல!) என்று அடித்தால், விலாசத்தை இன்டர்நெட் கம்பெனியிடமே போய் விசாரிப்பதும் உண்டு. கதவும் திறக்காது, குட்டும் உடையும்! 'கர்ல்' புரோகிராமில் ஓரெழுத்து கூட்டி 'சாக்ஸ்5எச்' என்றால் டாரே விசாரித்துக்கொள்ளும்.

கம்பெனி கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம் சாமி. டார் ஓடுவதே முதலாளிக்குத் தெரிந்துவிடும்!