பெட்டியில் வரும் மகிழுந்து: வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியவை

மகிழுந்து வாங்க விரும்பும் ஒருவர் விற்பனைக் கூடத்திற்குச் செல்கிறார். நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வங்கிக் கடனுக்குக் கையெழுத்திடுகிறார். சில வாரங்களில் சாவி கைக்கு வந்துவிடுகிறது. நாம் அறிந்த வழி இதுதான். பிரிட்டனில் இன்னொரு வழியும் உண்டு. சட்டகம் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், பிரேக்கும் விளக்குகளும் மின்கம்பிகளும் அட்டைப்பெட்டிகளில் என்று எல்லாம் தனித்தனியாக வீட்டு வாசலில் வந்து இறங்கும். அவற்றை இணைத்து மகிழுந்தாக்குவது வாங்கியவரின் பொறுப்பு. இதையே 'கிட் கார்' என்கிறார்கள்.

இத்தகைய வண்டியைக் கட்டுவதில் கடினமான வேலை எது என்று கேட்டால், எஞ்சினை இறக்கிப் பொருத்துவது என்று பலர் நினைக்கக்கூடும். உண்மையில் அதைவிடக் கடினமானது ஒரு தாளை நிரப்புவது. எந்தப் பாகம் வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக் கொடுக்கும் கொள்முதல் பட்டியல்தான் அந்தத் தாள். அதில் செய்யும் தவறைப் பின்னர் எந்தத் திருகுசாவியாலும் சரிசெய்ய முடியாமல் போகலாம். பொறியியல் பயிலும் மாணவர்களுக்கும், பிரிட்டனில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், அந்தப் பட்டியலை எப்படி அணுகுவது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வரியால் வளர்ந்த வண்டி

கிட் கார்களில் மிகவும் புகழ்பெற்றது 'செவன்'. கோலின் சாப்மன் என்ற பொறியாளர் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் இதை அறிமுகப்படுத்தியது. அக்காலத்தில் பிரிட்டனில் முழுமையாகத் தயாரிக்கப்பட்ட மகிழுந்துக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. கையில் பணம் குறைவாகவும் ஆர்வம் மிகுதியாகவும் இருந்த இளைஞர்களுக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. பாகங்களுடன் 'கட்டும் முறை' விளக்கம் கொடுக்கக் கூடாது என்ற விதி இருந்ததாகவும், அதனால் 'பிரிக்கும் முறை' விளக்கத்தைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னதாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

1973ஆம் ஆண்டு ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திற்குச் சென்றது. வரிச் சலுகை போன பிறகும் மக்கள் தாமே கட்டுவதை நிறுத்தவில்லை. இந்த வரலாற்றில் மலேசியாவுக்கும் ஓர் இடமுண்டு. லோட்டஸ் நிறுவனம் 1996 முதல் 2017 வரை நமது புரோட்டோன் வசம் இருந்தது. கேட்டர்ஹாம் நிறுவனத்தை 2011இல் ஏர் ஏசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் தரப்பினர் வாங்கினர். 2021இல் அது ஜப்பானின் வி.டி. ஹோல்டிங்ஸ் கைக்கு மாறியது.

முதல் கேள்வி: எதற்காக?

பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத வேண்டும். இந்த வண்டியை எங்கே, யாருடன், எத்தனை முறை ஓட்டப் போகிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமத்துச் சாலையில் மனைவியை உடன் அமர்த்திச் செல்பவரின் தேவை வேறு. பந்தயத் தடத்தில் நேரம் குறைக்க முயல்பவரின் தேவை வேறு. இருவருக்கும் பொருந்தும் ஒரே வண்டியைக் கட்ட முயன்றால் பெரும்பாலும் இருவருக்கும் பொருந்தாத வண்டியே கிடைக்கும். தடத்திற்காக இறுக்கமாக்கிய சஸ்பென்ஷன் சாலையில் முதுகை நோகடிக்கும். சாலைக்காக வைத்த கூரையும் கதவுகளும் தடத்தில் வீண் சுமையாகும்.

புதியதா, பழைய வண்டியின் பாகமா?

இரண்டாவது தீர்மானம் பணத்தைப் பற்றியது. எல்லாப் பாகங்களையும் புதிதாக ஒரே நிறுவனத்திடம் வாங்கலாம். அல்லது சட்டகத்தையும் உடற்பகுதியையும் மட்டும் வாங்கி, எஞ்சின், கியர்பெட்டி, அச்சு முதலியவற்றை ஒரு பழைய மகிழுந்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பாகங்களைத் தரும் வண்டியைக் 'கொடையாளி வண்டி' என்று சொல்லலாம். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட்டும் சியராவும் இப்பணிக்குப் பெரிதும் பயன்பட்டன. பின்னர் 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்.-5 அந்த இடத்தைப் பிடித்தது. எஞ்சின் முன்னால் இருக்க, பின்சக்கரங்கள் இயங்கும் அமைப்பு அதில் ஆயத்தமாகவே இருப்பது காரணம். அமெரிக்காவில் ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் ரோட்ஸ்டருக்கு ஃபோர்டு மஸ்டாங் கொடையாளியாகப் பயன்பட்டு வந்துள்ளது.

கொடையாளி வண்டி மலிவாகத் தோன்றும். ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். பழைய பிரேக் காலிப்பர்களைப் புதுப்பிக்க வேண்டும். தாங்கிகள், ரப்பர் புஷ்கள், குழாய்கள் ஆகியவற்றை மாற்ற வேண்டும். துருவை நீக்கி வண்ணம் பூச வேண்டும். எஞ்சினைத் திறந்து பார்த்தபின் என்ன செலவு வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே கொடையாளி வண்டியைத் தேர்ந்தெடுப்பவர், அது ஓடும் நிலையில் இருக்கும்போதே வாங்கி, சில நாள் ஓட்டிப் பார்த்து, எஞ்சின் புகையையும் கியரின் ஓசையையும் கவனித்துவிட்டுப் பிரிப்பது நல்லது. மின்கம்பிகளுக்கும் எஞ்சின் கணினிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்காமல் கழற்றுவது பின்னாளில் பெருந்துன்பம் தரும்.

பின்னால் மாற்ற முடியாதவை

பட்டியலில் உள்ள அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு பிரிவு, வண்டியைக் கட்டி முடித்த பின்னும் எளிதில் மாற்றக்கூடியவை. மற்றது, மாற்ற வேண்டுமானால் வண்டியையே பிரித்தாக வேண்டியவை.

முதலில் சட்டகத்தின் அளவு. செவனின் பழைய வடிவம் மிகவும் ஒடுக்கமானது. உயரமும் பருமனும் உள்ளவர்களுக்காகச் சுமார் 110 மி.மீ. கூடுதல் அகலமுள்ள 'எஸ்.வி.' என்ற சட்டகத்தைக் கேட்டர்ஹாம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. எது தேவை என்பதை அளவுநாடாவால் அறிய முடியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவும் வண்டி ஓட்டும்போது அணியும் காலணியுடன், குளிர்காலச் சட்டையுடன், பக்கத்தில் ஒருவரை அமர்த்தி உட்கார வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது பிரேக்கில் கால் படுகிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முழங்கை இடிக்கிறதா, தலை ரோல் பாருக்குக் கீழே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரமானவர்களுக்காகத் தரைத்தளத்தைத் தாழ்த்தித் தரும் வசதி இருந்தால், அதையும் கொள்முதலின்போதே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது பின்னச்சு. ஒரே உறையினுள் அமைந்த நேரச்சு எளிமையானது, விலை குறைந்தது. ஆனால் கனமான டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். 'டி டியோன்' அமைப்பில் டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். சக்கரங்களை ஓர் இலகுவான குழாய் இணைக்கும். சக்கரத்தோடு ஆடும் எடை குறைவதால் மேடுபள்ளச் சாலையில் டயர் தரையை விடாமல் பற்றிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் சட்டகத்தின் பற்றுமுனைகள் வெவ்வேறு. இன்று ஒன்றை வாங்கி நாளை மற்றொன்றுக்கு மாறலாம் என்று எண்ணுவது வீண்.

எஞ்சினுக்கு எண்ணெய் தரும் முறையும் இவ்வகையே. சாதாரண எஞ்சினில் எண்ணெய் அடிக்கலத்தில் தேங்கி நிற்கும். தடத்தில் நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்ச நேரலாம். சில நொடிகள் போதும், தாங்கிகள் தேய்ந்துவிடும். 'டிரை சம்ப்' முறையில் எண்ணெய் தனித்தொட்டியில் இருப்பதால் இந்த ஆபத்து குறைகிறது. தடத்தில் ஓட்டுபவருக்கு இது பாதுகாப்பு. சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு வீண்செலவு. பந்தயக் கூண்டு பொருத்தும் எண்ணம் இருந்தால், அதற்கான பற்றுமுனைகளையும் சட்டகம் தயாராகும்போதே வைக்கச் சொல்ல வேண்டும். வண்ணம் பூசி முடித்த சட்டகத்தில் பின்னர் பற்றவைப்பது நல்லதல்ல.

இருக்கையின் தோல், சக்கரத்தின் வடிவம், கியர் பிடியின் அழகு, கார்பன் இழை அலங்காரங்கள் ஆகியவை காத்திருக்கக்கூடியவை. பணம் பற்றாதபோது பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. கண்ணுக்குத் தெரிவதை வாங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிடுகிறார்கள். விடவேண்டியது எது என்றால், ஓராண்டு கழித்து ஒரே பிற்பகலில் மாற்றிக்கொள்ள முடிவதைத்தான்.

எடை என்னும் கணக்கு

கேட்டர்ஹாம் 170 என்ற சிறிய மாதிரியின் எடை சுமார் 440 கிலோகிராம். அதில் 660 சி.சி. சுசூக்கி எஞ்சின் 84 குதிரைத்திறன் தருகிறது. டன்னுக்கு ஏறத்தாழ 190 குதிரைத்திறன். 80 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஏறியதும் இது சுமார் 161 ஆகக் குறைகிறது. 60 கிலோ எடையுள்ள நண்பரும் ஏறினால் சுமார் 145.

இப்போது கூரை, கதவுகள், வெப்பமூட்டி, கனமான இருக்கைகள் என்று 40 கிலோ கூடுதல் வசதிகளைச் சேர்ப்பதாகக் கொள்வோம். 1,100 கிலோ எடையுள்ள சாதாரண மகிழுந்தில் அது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. யாருக்கும் தெரியாது. 440 கிலோ வண்டியில் அதுவே ஒன்பது விழுக்காடு. முடுக்கம், பிரேக், வளைவு அனைத்திலும் தெரியும். இலகுவான வண்டியில் ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று பணத்தில், மற்றொன்று எடையில். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டையும் எழுதிப் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

சட்டமும் ஒரு பாகமே

வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவு செய்ய முடியாவிட்டால் அது வீட்டுக் கொட்டகையில் ஒரு சிற்பம்தான். பிரிட்டனில் சொந்தமாகக் கட்டிய மகிழுந்து 'ஐ.வி.ஏ.' என்ற தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். முன்பிருந்த 'எஸ்.வி.ஏ.' சோதனைக்குப் பதிலாக 2009இல் இது வந்தது. பிரேக், விளக்குகள், ஆடிகள், இருக்கைவார்ப் பிடிப்புகள், ஓசை, புகை என அனைத்தும் பார்க்கப்படும். வெளியே மனித உடல் படக்கூடிய விளிம்புகள் கூர்மையாக இருக்கக் கூடாது. குறைந்தது 2.5 மி.மீ. ஆரமாவது வேண்டும். அழகுக்காக வாங்கிய ஒரு சிறு பொருத்தி இவ்விதியால் வண்டியைத் தோற்கடித்துவிடலாம்.

தேர்வுகள் ஒன்றையொன்று இழுப்பதையும் இங்கே காணலாம். முன்கண்ணாடி வைத்தால் துடைப்பான், நீர்தெளிப்பான், கண்ணாடியில் படரும் ஈரத்தை நீக்கும் வசதி ஆகியவையும் சோதனைக்கு வந்துவிடும். அதாவது 'வெப்பமூட்டி எதற்கு' என்று ஒரு வரியை அடித்தவர், கண்ணாடிக்காக அதைத் திரும்பவும் எழுத நேரலாம். புகை அளவு எஞ்சின் தயாரிக்கப்பட்ட காலத்தைப் பொறுத்தது. ஆகவே பழைய எஞ்சினை வாங்கும்போதே அதன் வயதை நிரூபிக்கும் ஆவணத்தையும் வாங்க வேண்டும். பாகங்களின் வயதை உறுதிப்படுத்த முடியாத வண்டிக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணே கிடைக்கும். ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதும் வண்டி கட்டும் வேலையே.

நம் வாசகர்களுக்கு ஒரு சொல்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இறக்குமதி, பதிவு விதிகள் முற்றிலும் வேறானவை. அங்கே கட்டி இங்கே கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் யாரும் முன்பணம் கட்டிவிட வேண்டாம். முதலில் இங்குள்ள போக்குவரத்துத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவதே முறை.

கையெழுத்திடும் முன்

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பெட்டியில் என்ன வரும் என்பதைவிட என்ன வராது என்பதைக் கேளுங்கள். டயர், மின்கலம், எண்ணெய், குளிர்விப்பு நீர்மம், வண்ணப்பூச்சு ஆகியவை விலையில் அடங்குமா? எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் வருமா? விடுபட்ட பாகத்தை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்? சோதனையில் தோற்றால் உதவி உண்டா? முன்பணம் எந்நிலையில் திருப்பித் தரப்படும்? அதே வண்டியைக் கட்டி முடித்தவர் ஒருவரைச் சந்தித்து, 'மறுபடியும் வாங்கினால் எதை மாற்றுவீர்கள்' என்று கேட்பது எந்த விளம்பர ஏட்டையும்விடப் பயன் தரும்.

வரவுசெலவில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும். முறுக்குவிசைச் சாவி, எஞ்சின் தூக்கி, காப்புறுதி, சோதனைக் கட்டணம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இருக்காது. பாதியில் நின்றுபோன கிட் கார்கள் பல விற்பனைக்கு வருகின்றன. பணம் தீர்ந்தது, இடம் போதவில்லை, குழந்தை பிறந்தது என்று காரணங்கள் பல. அவற்றை விற்பவர்கள் போட்ட பணத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவது அரிது.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே உண்டு. இழப்பையும் ஆதாயத்தையும் முன்னதாக எடைபோடச் சொல்லும் அதிகாரம் அது. ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டிக்காகப் பந்தய வண்டி கட்டும் நம் பொறியியல் மாணவர்களுக்கும், ஒரு மென்பொருளையோ ஒரு வீட்டையோ திட்டமிடுபவர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். எதை மாற்ற முடியாதோ அதை முதலில் தீர்மானியுங்கள். அதற்கே முதலில் பணத்தை ஒதுக்குங்கள். மீதியுள்ளதை வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.