கட்டற்ற மென்பொருளில் உதவாத விமர்சனம்

கட்டற்ற மென்பொருள்களில் பல, ஊதியம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்களால் எழுதப்பட்டு, பராமரிக்கப்பட்டு வருகின்றன. அவர்களது வேலையில் குறை காண்பவர்கள் ஏராளம். குறையைச் சரிசெய்யப் பயன்படும் தகவல் எதையும் தராமல், செய்தவரை மட்டும் சாடுவது உதவாத விமர்சனம் ஆகும். "ஓடவில்லை", "இன்னுமா முடியவில்லை?" என்பவை இதன் வழக்கமான வடிவங்கள். விடைத்தாளில் எந்த வரி தவறு என்று காட்டாமல், மேலே "மோசம்" என்று எழுதித் திருப்பித் தருவதைப் போன்றது இது.

எம்ஐடி உரிமம், குனூ பொது உரிமம் ஆகிய இரண்டுமே, மென்பொருள் எந்த உத்தரவாதமும் இன்றி வழங்கப்படுவதாகக் கூறுகின்றன. ஆகவே பயனருக்கு அதட்டிக் கேட்கும் உரிமை இல்லை. அதற்காகக் குறையே சொல்லக் கூடாது என்பதும் சரியன்று. குறை சொல்பவர் இல்லாவிட்டால் மென்பொருள் செம்மைப்படாது.

இத்தகைய விமர்சனம் மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை என்பதற்கு எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் மென்பொருளுக்கு நேர்ந்தது சான்று. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் இது, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரே ஒரு தன்னார்வலர்.

2022ஆம் ஆண்டில், அதுவரை யாரும் கேள்விப்படாத சில பெயர்களில் அவருக்கு முறையீடுகள் வரத் தொடங்கின. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பொறுப்பாளருக்கு ஆர்வம் போய்விட்டது, வேறொருவர் வந்தால்தான் முன்னேற்றம் என்பது அவற்றின் சாரம். எழுதியவர்கள் ஒரு வரி நிரல்கூடத் தந்து உதவவில்லை. தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகும் நச்சரிப்பு நிற்கவில்லை.

இதற்கிடையே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதலே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி வந்தார். களைத்துப் போயிருந்த பராமரிப்பாளர் அவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைய உதவும் பின்கதவு ஒன்றை அந்த ஜியா டான் மறைத்து வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது வெளிவரவில்லை. முறையீடு எழுதிய பெயர்களும் அதே சூழ்ச்சியின் பகுதி என்பது பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பொய்யான முறையீடு யாருக்கும் உறுத்தாமல் போனதன் காரணம், உண்மையான பயனர்களும் அதே தொனியில் பேசுவது அங்கே வாடிக்கை என்பதே.

பின்கதவைக் கண்டுபிடித்ததும் ஒரு குறைகூறல்தான். ஆனால் வேறு வகையானது. மைக்ரோசாஃப்ட் நிறுவனப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். "மெதுவாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு அவர் ஓயவில்லை. நேரத்தை அளந்தார், தாமதம் எந்த நிரலகத்தால் வருகிறது என்று தேடினார், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்தச் சூழலில் அது இயங்குகிறது என்பவற்றைக் குறித்து 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார். அதைப் படித்த வேறு எவரும் தம் கணினியில் சோதித்துப் பார்க்க முடிந்தது.

அவ்வளவு ஆழமாக எல்லோராலும் தேட இயலாது, தேவையும் இல்லை. பதிப்பு எண், தான் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது, திரையில் வந்த பிழைச் செய்தி ஆகியவற்றை எழுதினாலே பராமரிப்பாளருக்குப் பாதி வேலை குறையும்.

பின்கதவுள்ள பதிப்புகள், டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் நிலையான வெளியீடுகளை எட்டும் முன்பே திரும்பப் பெறப்பட்டன. அந்த நிரலை நீக்கிய 5.6.2 பதிப்பு 2024 மே மாதம் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் பழைய பராமரிப்பாளரேதான்.