சுற்றிக் கட்டினால்தான் வேலை செய்யும் மரபணு

ஹைதராபாத் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் விளம்பரம் ஒட்டாத சுவர் அபூர்வம். அங்கே கோடிங் படிக்கும் பிள்ளைகளிடம் ‘டிஎன்ஏதான் உயிரின் சாஃப்ட்வேர்’ என்றால் உடனே தலையாட்டுவார்கள். அதன் எழுத்துகளைப் படித்துவிட்டால் ஆளையே படித்துவிட்டதாக விளம்பரக்காரர்களும் அடித்துவிடுகிறார்கள். அதே அமீர்பேட்டில் மெட்ரோ ஏறி, நீலத் தடத்தில் கிழக்கே போனால் ஹப்சிகுடா. பக்கத்தில் இருக்கும் சிசிஎம்பி எனும் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பூர்ணிமா பார்கவாவின் குழு ஈஸ்டில் கண்ட விஷயத்துக்கு இந்தப் பேச்சு ஒத்துவராது.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். அதிலுள்ள எஸ்என்ஆர்6 என்ற மரபணு, யு6 என்னும் சிறிய ஆர்என்ஏவைத் தயாரிக்கிறது. மற்ற ஆர்என்ஏக்களில் வேண்டாத துண்டுகளை வெட்டியெடுக்கும் கூட்டத்தில் யு6-க்கு முக்கிய இடம். அது இல்லாவிட்டால் செல் பிழைக்காது.

இந்த மரபணுவை முடுக்கிவிட டிஎஃப்3சி என்ற பெரிய புரதக் கூட்டு இரண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். ‘ஏ பெட்டி’ மரபணுவுக்குள் இருக்கிறது. ‘பி பெட்டி’யோ மரபணு முடிந்து 120 எழுத்து தள்ளிக் கிடக்கிறது. இடைவெளி சுமார் 200 எழுத்து. இதில் ஒரு விசித்திரம்: சோதனைக்குழாயில் வெறும் டிஎன்ஏவைப் போட்டால் டிஎஃப்3சி இல்லாமலே மரபணு இயங்கும். ஆனால் உயிருள்ள செல்லில், டிஎஃப்3சி பிடிக்கும் பி பெட்டியைக் கெடுத்தால் படுத்துவிடும்.

செல்லுக்குள் டிஎன்ஏ வெறுமனே கிடப்பதில்லை. ஹிஸ்டோன் புரத உருண்டைமேல் 147 எழுத்து நீளம் சுற்றிக்கொள்கிறது, அதுதான் நியூக்ளியோசோம். சுற்றிவிட்டால் மரபணு அடங்கிவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே தலைகீழ். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு நியூக்ளியோசோம் உட்கார்ந்தால்தான் மரபணு நன்றாக வேலை செய்கிறது என்று 2006இல் வெளியான அவர்கள் ஆய்வு காட்டியது.

புடவை கட்டுவதைப் பாருங்கள். விரித்துப் போட்டால் இரண்டு முழம் தள்ளியிருக்கும் இரண்டு பூக்கள், இடுப்பை ஒரு சுற்று சுற்றியதும் ஒன்றின்மேல் ஒன்று வந்துவிடுகின்றன. ஒரே ஊக்கில் இரண்டையும் குத்திவிடலாம். பூக்கள்தான் பெட்டிகள், இடுப்புதான் ஹிஸ்டோன் உருண்டை, டிஎஃப்3சிதான் அந்த ஊக்கு. ஆனால் இது பொல்லாத ஊக்கு. தான் குத்த வசதியாக, இடுப்பையே சரியான இடத்துக்கு நகர்த்த வழிசெய்கிறது! நகர்த்தும் கூலியாக, செல்லின் எரிபொருளான ஏடிபியும் செலவாகிறது. இதற்குமேல் இழுத்தால் புடவை கிழியும்.



இதனால் நாளைக்கே புற்றுநோய் மருந்து வந்துவிடாது. அப்படி யாரும் சொல்லவுமில்லை. மனிதரின் யு6 மரபணுவில் பெட்டிகளின் அடுக்கே வேறு. கட்டுப்பாட்டு இடங்கள் முழுவதும் மரபணுவுக்கு முன்னாலேயே இருக்கின்றன. இருந்தும் அவற்றுள் இரண்டுக்கு நடுவே ஒரு நியூக்ளியோசோம் உட்கார்ந்து மரபணுவை ஊக்குவிப்பதை, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1997இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.